பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்வார்கள்

எங்கள் வரிசையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்கு வெட்கமில்லை. கண் இருக்கிறது, சன்னல் இருக்கிறது. பார்க்காமல் என்ன செய்வது?

ஜொகூர் பாருவில் இன்னும் அந்த வழக்கம் போகவில்லை. தட்டோடு பெண் பார்க்க வருமுன் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். ராஜம்மாவின் வீடு மூலை வீடு. அவள் மகள் பிரவீனாவைப் பற்றி விசாரிக்க என் வீட்டை விட்டால் வேறு வீடு இல்லை.

முதலில் கூலாயிலிருந்து வந்தார்கள். தேநீர் கொடுத்தேன்.

"பொண்ணு எப்படிங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

"கெட்டிக்காரிதான். ஆனா கொஞ்சம் இம்மாரல். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க லா."

நடத்தை சரியில்லை என்று தமிழில் சொல்ல வாய் கூசும். ஆங்கிலத்தில் சொன்னால் டாக்டர் சொன்னதுபோல் சுத்தமாக இருக்கிறது. என்ன செய்தாள் என்று யாரும் கேட்டதில்லை. பாதித் தேநீரில் எழுந்துவிடுவார்கள். பிறகு வந்தவர்களுக்கும் அதே தேநீர், அதே சொல்.

அவள் ஒன்றும் செய்ததில்லை. சன்னலில் நிற்கும் எனக்குத் தெரியாதா?

என் மகன் சிங்கப்பூரில். பாலத்தைத் தாண்டினால் வீடு, தாண்டுவது தீபாவளிக்குத்தான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்கப் போகுமுன் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து, விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பவள் பிரவீனா.

இந்த முறை மெர்சிங் மாப்பிள்ளை. தீவுகளுக்குப் படகு ஓட்டுகிறவர். போனில் அவர் படத்தை எனக்குத்தான் முதலில் காட்டினாள்.

"நல்லா இருக்காருல்ல, ஆன்ட்டி?"

"வெயில்ல கறுத்திருக்காரு. சிரிப்பு நல்லா இருக்கு."

வெட்கப்பட்டாள். இத்தனை வரன் தட்டிப்போன பிறகும் அப்படியொரு வெட்கத்தை நான் பார்த்ததில்லை. மெர்சிங் தூரம். அவருடைய அக்கா விசாரிக்க வந்தபோது தேநீரில் சீனியைக் கூடுதலாகவே போட்டேன்.

நேற்றுக் காலை கஞ்சியோடு வந்தவளுக்குக் கண் வீங்கியிருந்தது.

"வேணாம்னுட்டாங்க, ஆன்ட்டி. நான் இம்மாரலாம். யாரோ சொல்லியிருக்காங்க."

"அப்படின்னா என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். "தப்புன்னு தெரிஞ்சே செய்றவங்களைச் சொல்றது. நான் யாருக்கு என்ன செஞ்சேன்?"

பிறகு என் விரலைப் பிடித்தாள். அழுதுகொண்டிருந்தாலும் வலிக்காமல்தான் குத்துவாள்.

"அம்மாவையும் உங்களையும் விட்டா எனக்கு யாரு, ஆன்ட்டி?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்ன பொருளில் அந்தச் சொல் அவளுக்குப் பொருந்தாது. எனக்கும் பொருந்தாது, நான் பாசத்தில் சொன்னவள். இருந்தாலும் பிள்ளையை அழவைத்துவிட்டது. அடுத்து வருகிறவர்களிடம் வேறு நல்ல சொல்லாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.