நான் கேலி செய்த அருவிச் சத்தம்

தலைமை ஏற்று, தளராத அன்போடு இந்த வாசகர் வட்டத்தை வழிநடத்தும் அண்ணாச்சி வல்லிநாயகம் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்த கையோடு பூ முடித்துப் புறப்பட்டு வந்திருக்கும் தாய்மாரே, இடமில்லாமல் பந்தலுக்கு வெளியே சாரலில் நனைந்தபடி நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவரையும் தமிழாசிரியை உமாதேவி தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

அண்மையில் வந்த காணொளிகளிலும் பாட்காஸ்ட்டுகளிலும் மனத்துக்கு ஊக்கமும் படைப்புக்கு உரமும் தருபவை எவை என்று பரிந்துரைக்கும்படி தலைவர் பணித்தார். பத்துப் பெயர்கள் எழுதினேன். எட்டை அடித்துவிட்டேன். மிஞ்சிய இரண்டில், இரண்டாவதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ‘மூட்டை இறக்கியபின்’ என்ற காணொளி வரிசை. பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ரிஃபாத் என்ற கல்லூரி மாணவி எடுப்பது. சுமை இறக்கிவிட்டு வேர்வை துடைத்து நிற்பவரிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி: “உங்களுக்கு வேற என்ன வரும்?” சங்கிலிப்பாண்டி என்ற தொழிலாளி சற்றும் யோசிக்காமல், “எனக்கு விசில்ல ஒப்பாரி வரும்” என்றார். அடித்தும் காட்டினார். நான்கு நிமிடம். தக்காளிப் பெட்டி தூக்கியவர்கள் தூக்கிய கையோடு நிற்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். முடிவில் அழுதேன்.

இனி இரண்டாவது. பெயர் ‘இன்னைக்கி அருவி’. பாட்காஸ்ட். நாளுக்குப் பத்து நிமிடம். நடத்துபவர் இசக்கிதுரை. ஐந்தருவியில் குளிக்க வருபவர்களுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் எண்ணெய் தேய்த்துவிட்டவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது மணிக்கட்டு செயலிழந்தது. உழைத்த கை ஓய்ந்தால் மனிதர் என்ன செய்வார்? அவர் இடக்கையில் செல்போனை எடுத்தார். காலையில் அருவி அருகே போய் நின்றார். தண்ணீர் விழும் ஓசையைப் பதிவு செய்தார். இடையிடையே அன்றைய தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான்.

இதை நான் என்ன செய்தேன் தெரியுமா? கேலி செய்தேன். ஆனி மாதத் தொடக்கத்தில் செங்கோட்டையில் ஒரு மேடை. “ஒருவர் தண்ணீர் விழும் சத்தத்தைப் பத்து நிமிடம் கேட்கச் சொல்கிறார். அருவி வற்றினால் குழாயடிக்குப் போவாரோ?” என்று கேட்டேன். பந்தல் அதிரக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு, பகல் மூன்று மணி. நான் ஐந்தருவியில் பெண்கள் பகுதியில் குளித்துக்கொண்டிருந்தேன். வானில் கருமேகம் இல்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. என்னைச் சுற்றி நாற்பது பெண்களுக்குக் குறையாது. அப்போது கட்டியிருந்த சேலையோடு ஒரு பெண் உள்ளே ஓடி வந்தாள். மாரிச்செல்வி. அருவிக்கு எதிரே மங்குஸ்தான் பழம் விற்பவள்.

“எக்கா, எல்லாரும் வெளிய வாங்க. தண்ணி மாறிட்டு.”

“ஏம்மா, தண்ணி நல்லாத்தான விழுது? நான் ஒரு மணி நேரம் வரிசையில நின்னு இப்பத்தான் உள்ள வந்திருக்கேன்” என்றேன்.

“சத்தம் கனத்துட்டு டீச்சர். பேசிக்கிட்டு நிக்காதீங்க.”

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். எனக்குக் கோபம். ஆயினும் அவள் பிடி விடவில்லை. என்னை வெளியே தள்ளிவிட்டு மீண்டும் உள்ளே ஓடினாள். அவள் பதற்றத்தைப் பார்த்த காவலர் ஒருவர் காரணம் எதுவும் கேட்கவில்லை. விசில் ஊதி ஆண்கள் பகுதியையும் காலி செய்தார். கடைசிப் பெண் படியேறிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும்.

வந்தது, அன்பர்களே. செம்மண் நிறத்தில் வந்தது. மரக்கிளையும் கல்லும் சுமந்து வந்தது. நான் நின்ற இடத்தில் இருந்த இரும்புக் கம்பி வளைந்து போனது. நாற்பது பெண்களும் படிமேல் நின்று அதைப் பார்த்தோம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று மாரிச்செல்வியிடம் கேட்டேன்.

“இசக்கிதுரை அண்ணாச்சி நெதமும் போன்ல போடுதாவல்லா. பழம் அறுக்கையில கேட்டுக்கிட்டே இருப்பேன். நல்ல தண்ணி கலகலன்னு விழும், மண்ணுத் தண்ணி மொத்து மொத்துன்னு விழும்னு சொல்லியிருக்காவ. போன ஐப்பசி வெள்ளத்துல தள்ளி நின்னு எடுத்த சத்தத்தையும் அதுல போட்டாவ. இன்னைக்கி அதே சத்தம் கேட்டுது.”

என் முகத்தில் அறைந்தது போல் இருந்தது. எதை நான் எள்ளினேனோ, அதுவே என் உயிரைக் காத்தது. மறுநாளே இசக்கிதுரை வீடு தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்:

“செங்கோட்டைக் கூட்டத்துல நானும் பின்னால நின்னேன், டீச்சர். எல்லாரும் சிரிச்சாவ. மனசு விட்டுப் போச்சு. மூணு நாளு எதுவும் போடல. இனி வேண்டாம்னே நெனச்சேன். நாலாவது நாள் மாரிச்செல்வி வந்து, ‘என்ன அண்ணாச்சி, சத்தத்தையே காணும், ஒடம்பு சரியில்லையா’ன்னு கேட்டா. கேக்குறதுக்கு ஒரு ஆளு இருக்கேன்னு மறுபடி போட்டேன். அன்னைக்கிப் போட்டதுதான் அந்த மண்ணுத் தண்ணி சத்தம்.”

எண்ணிப் பாருங்கள். அந்த மூன்று நாள் முப்பது நாள் ஆகியிருந்தால்? அந்தப் பழக்கடைப் பெண் போய்க் கேட்காமல் இருந்திருந்தால்? என் ஒரு வாக்கியம், என்னையும் நாற்பது பெண்களையும் கொன்றிருக்கும்.

என்ன அம்மா? அங்கே ஒருவர், “இப்பவும் போடுதாவளா?” என்று கேட்கிறார். போடுகிறார். இன்று காலையும் கேட்டேன். பதினோரு ஆண்டுகள் ஒரு வரியும் எழுத முடியாமல் கிடந்த நான், அந்த ஓசையைக் கேட்டபடி நான்கு பக்கம் எழுதினேன். நன்றாக இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுதினேன் என்பது தெரியும்.

ஆகவே தென்காசிப் பெருமக்களே, காணுங்கள், கேளுங்கள் என்று சொல்வதோடு என் பரிந்துரை முடியவில்லை. எங்கோ ஓர் அறையில், ஒரு சந்தையில், ஓர் அருவிக்கரையில், யாராவது கேட்பாரோ மாட்டாரோ என்ற ஐயத்தோடு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு சொல் எழுதுங்கள். “கேட்டேன்” என்று எழுதுங்கள். புகழ வேண்டாம், பாராட்ட வேண்டாம், அந்த ஒரு சொல் போதும். அது போய்ச் சேராமல் எத்தனை குரல்கள் நின்றிருக்கும், அவற்றோடு எதையெல்லாம் இழந்தோம் என்பதை நாம் அறியவே போவதில்லை.

இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு என் நன்றி. ஐந்தருவிக்கரையில் இந்நேரம் பழம் விற்றுக்கொண்டிருக்கும் மாரிச்செல்விக்கு என் வணக்கம்.