சூசைமுத்து சார் போட்ட ஷெட்

— அந்தோணியார் மேல ஆணையாச் சொல்றேன், ஃபாயிஸா. இந்த ஷெட்டைப் பத்தி நான் இதுவரைக்கும் சொன்னதும் சத்தியம், இனிமே சொல்லப் போறதும் சத்தியம். ஒரு சொல்லு பொய்யின்னா என் நாக்கு அழுகிப் போகட்டும்.

— நாக்கெல்லாம் எதுக்கு சூசைமுத்து சார், நல்லாருங்க. எனக்கு அளவைச் சொல்லுங்க, போதும். பேகம்பூர்ல மூணு காரைப் பிரிச்சுப் போட்டுட்டு ஓடி வந்திருக்கேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள என் பட்டறையைக் காலி பண்ணணும். பன்னெண்டு மணிக்கு எடத்துக்காரரு வேற போன் பண்ணுவாரு.

— காலி பண்ணச் சொன்னவருக்கு இன்னும் என்ன பேச்சு?

— பட்டறைக்கு முன்னால கூரை எறக்கி ஒரு சாய்ப்பு இருக்கு சார். ஒரு காரு நிக்கும். அதை மட்டும் நீ வச்சுக்கிறியா, இல்ல அடுத்தவனுக்கு விட்டுரட்டுமானு கேக்குறாரு. இங்க சரியா வந்தா வேணாம்னுருவேன். வரலேன்னா என் பொழப்பு அந்தச் சாய்ப்புலதான்.

— சாய்ப்பாம்ல! தாயி, இது நாப்பதுக்கு அறுபது. முப்பது வருசம் ஐ.டி.ஐ.ல டிராயிங் வாத்தியாரா இருந்தவன் நான். ரிட்டையரானதும் எங்கொல்லையில கயிறு புடிச்சு அளந்து, பதினேழு சார்ட்டு வரைஞ்சு போட்ட ஷெட்டு. நாலு காரு நிக்கும். நடுவுல நீ கோலாட்டம் ஆடலாம்.

— ஆடவெல்லாம் நேரமில்ல. தரை எத்தனை இஞ்சு கனம்?

— எட்டு. ரெண்டு அடுக்கு கம்பி. கொத்தனாரு நல்லுசாமி, ஒட்டன்சத்திரத்துக்காரரு, அவரே மெரண்டு போயி, "ஏனுங்க வாத்தியாரே, ஆனை கட்டப் போறீங்களா?"ன்னாரு. கூரை போடுறதுக்கு முன்னாடி ஒரு நாளு இந்தத் தரையில ஒரு தேங்கா விழுந்துச்சு. விழுந்த வேகத்துல எகிறுச்சு பாரு, போயி அதே கொலையில ஒக்காந்துக்கிச்சு. நல்லுசாமி மூணு நாளு வேலைக்கு வரல.

— தேங்காயப் பாத்துப் பயந்தா?

— பின்ன? எங்களுக்கும் மனசு கேக்கல. மறுவாரந்தான் அதைச் சட்னிக்குப் பறிச்சோம்.

— யா அல்லா! சரி, இந்தச் சுவத்துல என்ன, ஸ்பேனர் ஒவ்வொண்ணுக்கும் பின்னால அதோட படம் வரைஞ்சிருக்கு?

— எடுத்த சாமானை எடுத்த எடத்துல வைக்கணும்ல? எட்டாம் நம்பர்லருந்து முப்பத்திரண்டு வரைக்கும். நெழலு விழாம இருக்க எட்டு லைட்டு. எல்லாம் சார்ட்டுல உள்ளபடி.

— ஒண்ணுலகூடக் கிரீஸ் இல்லையே சார்?

— ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வந்து தொடச்சு வைக்கிறது.

— லிஃப்ட்டு?

— ரெண்டு தூணு, நாலு டன்னு. கோயமுத்தூர்லருந்து வந்துச்சு. மந்திரிக்கப் பங்குச் சாமியாரு வந்தாரு. கீழ நின்னு தீர்த்தம் தெளிச்சா மேல எட்டாதுன்னு, லிஃப்ட்டுல நின்ன காருக்குள்ளயே ஏறி ஒக்காந்துக்கிட்டாரு. ஆறடி தூக்குனேன். பட்டுன்னு கரண்டு போச்சு.

— போனா என்ன? லிவரை இழுத்தா பைய எறங்கிருமே.

— எறங்கும். அதுக்குள்ள தெருசனம் பூரா கூடிருச்சு. அந்தரத்துல சாமியாரு, கண்ணாடி எறங்கியிருக்கு, வேற என்ன வேணும்? ஒவ்வொருத்தரா நிமிந்து நின்னு பாவசங்கீர்த்தனம் பண்ண ஆரம்பிச்சுட்டாக. ஒருத்தரு பாதிப் பாவத்துல இருக்கும்போது லிவரை இழுக்கலாமா, நீயே சொல்லு.

— உங்க பாவத்தச் சொன்னீங்களா சார்?

— வரிசையில எம்முறை வர்றதுக்குள்ள கரண்டு வந்துருச்சு.

— ஏங்க, என்ன இங்க ஒரே சிரிப்பாணி?

— வா இஞ்ஞாசி. இதுதான் மெக்கானிக்கு ஃபாயிஸா. ஷெட்டு பாக்க வந்திருக்கு. தாயி, இவ எங்க வீட்டம்மா.

— கையப் பாத்தாலே தெரியுதே மெக்கானிக்குன்னு. வாம்மா. இவரு சொல்றதுல பாதிய வடிகட்டிட்டு மிச்சத்தக் கழுவி எடுத்துக்க.

— அம்மா, நீங்க சொல்லுங்க. இந்த லிஃப்ட்டு நெசமாவே ஏறுதா?

— ஏறுது. போன மாசம் அதுமேல நின்னுதான் இவரு குளவிக்கூட்டைக் கலைச்சாரு. குளவி கொட்டுனதுல ஏறுன வேகத்தவிட எறங்குன வேகந்தான் சாஸ்தி.

— அப்ப சரி. த்ரீ ஃபேஸ் லைனு இருக்கா சார்?

— இருக்கு. அந்த கம்ப்ரசர் சுவிட்சத் தட்டிப் பாரு.

— ஆகா! என் பழைய கம்ப்ரசரு கொரட்டை விடும். இது தூங்குற புள்ளை மாதிரில்ல மூச்சு விடுது.

— அதை நம்பிராத. நெலக்கோட்டைப் பூ வேன்காரன் ஒருத்தன், முகேஷ்குமாருன்னு பேரு, திருச்சிக்கு மல்லிகை ஏத்திக்கிட்டுப் போறான். டயர்ல காத்தில்ல, பூ வாடுதுன்னு குதிச்சான். அடிச்சேன். செத்த நேரம் அசந்துட்டேன். மணப்பாறை வரைக்கும் வேனு தரையில படவே இல்லையாம். டோல்கேட்டுல கட்டையத் தூக்குற வேலையே இல்ல, மேலாலயே போயிருச்சு.

— அந்த வேனு எந்த வழியா சார் உள்ள வந்துச்சு? முன்னால சந்துல என் ஸ்கூட்டியே சுவத்த ஒரசிக்கிட்டுத்தான் வந்துச்சு.

— பின்னால கேட்டு இருக்கு. பன்னெண்டடி அகலம், அந்தா தெரியுது பாரு தகரக் கதவு. சிமெண்டு லாரி, ஜல்லி லாரி, லிஃப்ட்டு வந்த லாரி, அம்புட்டும் அந்த வழிதான். அதுல பொய்யில்ல.

— அதுல இல்லைன்னா? அப்ப மத்ததுல?

— மத்ததுலயுந்தான்.

— ஏங்க, அந்தக் கேட்டை...

— இருங்கம்மா, போன் அடிக்குது. எடத்துக்காரருதான். வலைக்கும் சலாம் பாய், சொல்லுங்க. ஆமா, வந்து பாத்துட்டேன்.

— ஏங்க, உங்களைத்தான். கேட்டைத் தொறந்து காட்டுனீகளா?

— ஸ்ஸ், இஞ்ஞாசி! ஒருத்தரு போன் பேசும்போது குறுக்க பேசக் கூடாது.

— லிஃப்ட்டு, கம்ப்ரசரு எல்லாம் புதுசு பாய். இம்புட்டு நாளு மல்லாக்கப் படுத்தே வேலை பாத்தவளுக்கு நின்னுக்கிட்டுப் பாக்க ஒரு எடம் கெடச்சிருக்கு...

— அது பாட்டுக்குப் பேசி முடிச்சுரும்போல இருக்கே. நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?

— சொல்லுவோம், சொல்லுவோம். பிள்ளை மொகத்துல சிரிப்பப் பாரு. செத்தப் பொறு.

— இல்ல பாய், சாய்ப்பு வேணாம். கேட்டவருக்கே குடுத்துருங்க. ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன். இன்னிக்கே வண்டிகளக் கட்டி இழுத்துருவேன். வச்சுரட்டுமா பாய், சலாம்.

— போச்சு.

— என்னம்மா போச்சு?

— எங்கிட்ட கேக்காதம்மா. அந்தக் கதவைத் தள்ளிப் பாரு.

— இதுக்கென்ன, ஒத்த விரல்லயே போகுதே. நல்ல சக்கரம்... சார்.

— சொல்லு தாயி.

— இது என்ன சார்?

— குளம்.

— கொளம்னு தெரியுது. நம்ம காலடி வரைக்கும் தண்ணி நிக்குதே! ரோடு எங்க?

— அதுக்கு அடியில. பதினாலு வருசமா ஒரு சொட்டு தங்குனதில்ல. டிராக்டரு, மினி பஸ்ஸு, கல்யாண ஊர்வலம், ஊரே இது வழியாத்தான் போகும் வரும். சார்ட்டுல நானும் ரோடுன்னே வரைஞ்சேன். வேலை முடிஞ்சது ஐப்பசி பத்து. பதினொண்ணுல புடிச்ச மழை.

— நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்மா, கொளத்த நம்பி வாசல் வைக்காதீகன்னு. "நீ சார்ட்டு படிச்சிருக்கியா?"ன்னு கேட்டாரு.

— எப்ப வத்தும்?

— கொளம் நெறஞ்சு மறுகால் பாயுது. மேக்க இன்னமும் இருட்டிக்கிட்டு நிக்குது.

— நான் பாய்கிட்ட வேணாம்னுட்டேனே சார்! அந்த மூணு காரையும் நான் எங்க கொண்டு போயி நிறுத்துவேன்? அப்ப அந்தப் பூ வேனு? சாமியாரு ஏறுன காரு? வாயத் தொறங்க சார்!

— இந்த ஷெட்டுக்குள்ள இன்னிவரைக்கும் ஒரு வண்டியும் நுழைஞ்சதில்ல, தாயி.