கோழிக் கூண்டுத் தகரம்

மதியம் ரெண்டு மணி. நெட்டுக்குப்பம் போற ரோடு.

பேய்க் கதைன்னு சொல்லிட்டு மதியம்ன்றானேன்னு சிரிக்காதீங்க. ராத்திரி வர்ற பேய் விடிஞ்சா போயிடும். மதியத்துல வந்தது எப்போ போவும்? சொல்லுங்க பாப்போம்.

கிட்ட வந்து உக்காருங்க. முன்னாடி நிக்கிற லாரி எதுவும் இப்போ நகராது. நம்ம கூட லாரி ஓட்டுற தவசிமுத்தும் இன்னிக்கு வரல. வந்திருந்தா இத சொல்லவே விட மாட்டான். ஏன்னா இது அவன் மாமனுக்கு நடந்தது. கூடப் பொறந்த அக்கா வியாகுலம்மாளோட புருஷன். சவரிநாதன்னு பேரு.

சவரிநாதனுக்கு திருவொற்றியூர் பக்கம் ஒரு யார்டுல வேல. அடிபட்டு வர்ற கன்டெய்னர தட்டி நிமித்தி, பெயின்ட் அடிச்சி, மேல நம்பர் எழுதி அனுப்புவாங்க இல்ல… அந்த நம்பர் எழுதுறவன். கூடவே எழுதுறவன் ஞானதுரை. ரெண்டு பேரும் ஒண்ணா வேலைக்கு சேந்தவங்க. சம்பளம் ஒண்ணு. சோத்து டப்பாவும் ஒண்ணு.

பைத்தியமும் ஒண்ணு. பொம்ம ஏரோப்ளேன்.

சின்னப் பசங்க வெச்சி ஆடுறது இல்ல. உலகப் போர்ல பறந்த விமானம். துண்டு துண்டா டப்பாவுல வரும். ஒட்டி, பெயின்ட் அடிச்சி, நெசத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டு வரணும். வண்ணாரப்பேட்ட ஹுமாயூன் பாய் கடையில தான் வாங்குவாங்க. கடை வாசல்ல ஒரு கண்ணாடி அலமாரி. நல்லா செஞ்சத பாய் அதுல வெச்சி, கீழ செஞ்சவன் பேர எழுதி, லைட்டு போட்டு வெப்பாரு.

அலமாரி பூரா ஞானதுரை பேரு.

சவரிநாதன் பேரு ஒண்ணு கூட இல்ல.

பஸ்ஸு அந்தக் கடைய தாண்டும்போது சவரிநாதன் மூஞ்சிய மறுபக்கம் திருப்பிக்குவானாம். "அதே பிரஷ்ஷு, அதே பெயின்ட்டு… அவனுக்கு மட்டும் இன்னாடி?"ன்னு பொண்டாட்டி கிட்ட கேப்பானாம்.

"பேசாம தூங்குயா. பொம்மைக்குப் பொறாம படற ஆம்பளய இப்ப தான் பாக்கறேன்"னு வியாகுலம்மாள் திரும்பிப் படுத்துக்கும்.

ஞானதுரை கெட்டவனா இருந்தாலாவது ஆறுதல். அவன் நல்லவன். அதான் இன்னும் எரிஞ்சுது.

இப்படி இருக்கும்போது பாய் ஒரு நாள் ரெண்டு பேரையும் கூப்ட்டு சொன்னாரு. போர் காலத்துல ஒரு லிபரேட்டர், நாலு இன்ஜின் வெச்ச குண்டு விமானம், எண்ணூருக்கு நேரா கடல்ல விழுந்துச்சாம். உள்ள இருந்தவங்க ஒருத்தரும் கரை சேரல.

"அத செஞ்சி எடுத்துக்கினு வாங்க. நடுத்தட்ட காலி பண்ணி வெக்கிறேன். ஆனா டப்பாவுல வர்ற ஸ்டிக்கர ஒட்டிக்கினு வந்தா உள்ள வெக்க மாட்டேன். அது வேற எங்கியோ பறந்ததுக்கு. நம்ம கடல்ல விழுந்ததுக்கு இன்னா குறி இருந்துச்சோ, அது வேணும். சும்மா அடிச்சி வுடாதீங்க, ஆதாரம் கேப்பேன்."

குறின்னா இன்னா? வெள்ளக்காரன் தன் விமானத்துல ஒரு வட்டம் போடுவான். நடுவுல சிவப்பு உருண்ட. ஜப்பான்காரன் குறியும் சிவப்பு உருண்ட தான். தூரத்துல பாத்து சொந்த ஆளே சுட்டுட்டா? அதனால நம்ம பக்கம் பறந்ததுல சிவப்ப மறைச்சி, ரெண்டு நீலத்துல அடிச்சிட்டாங்க. சவரிநாதன் மாசக் கணக்கா போன்ல தேடி இதெல்லாம் கண்டுபிடிச்சான். வட்டத்துக்குப் பக்கத்துல ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு எழுத்து இருக்கும். எந்த விமானம்னு சொல்றதே அந்த எழுத்து தான். வெளிநாட்டுல இந்தப் பைத்தியம் புடிச்சவங்கள எல்லாம் கேட்டான். விழுந்த அந்த ஒண்ணுக்கு இன்னா எழுத்துன்னு ஒருத்தனுக்கும் தெரியல.

ஒரு நாள் சாப்பாட்டு நேரம். மீன் துண்ட பிச்சி இவன் பக்கம் தள்ளிக்கினே ஞானதுரை சொன்னான்.

"மச்சி, நெட்டுக்குப்பத்துல வேம்புன்னு ஒரு அக்கா கீது. அது வூட்டு கோழிக் கூண்ட ஒரு தகரம் போட்டு மூடியிருக்காம். எந்தக் காலத்துலயோ வலையில மாட்டினது. துருவே புடிக்கலயாம். நீலமா இன்னாவோ தெரியுதாம். ஞாயித்துக்கிழம சேந்து போலாம். பாத்துட்டு வந்து ரெண்டு பேருமே செய்வோம். எவன்து நல்லா வருதோ, அத பாய் வெக்கட்டும்."

"ஆவட்டும்"னான் சவரிநாதன்.

வெள்ளிக்கிழமையே லீவு போட்டான். தனியா கிளம்பிட்டான்.

அந்த மதியம் தான்…

ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் சாம்பல். தூரத்துல மின்சார நிலையத்து சிம்னி. காத்து நின்னு போச்சு. கடலோரத்துல காத்து நிக்குமா? நின்னுச்சி.

வேம்பு வாசல்ல உக்காந்து நண்டு வலைய சிக்கெடுத்துக்கினு இருந்துச்சி. விஷயத்த சொன்னான்.

"பாத்துக்கோப்பா. போட்டோ வேணும்னா புடிச்சிக்கோ. கை மட்டும் வெக்காத. கடல்ல போனவங்களோடது அது. நாங்க ஒரு ஆணி கூட அடிக்கல பாரு… கல்லு தான் வெச்சிருக்கோம்"னு சொல்லிட்டு, ஐஸ் வாங்கணும்னு கூடைய தூக்கிக்கினு போயிடுச்சி.

இவன் கூண்டுக்கிட்ட போனான். உள்ள கோழிங்க. ஒண்ணும் கொக்கரிக்கல. எல்லாம் ஒரே மூலையில ஒண்டிக்கினு நிக்குது.

தகரம் மேல சாம்பலும் எச்சமும். ஒண்ணும் தெரியல. ஆனா கன்டெய்னர்ல பெயின்டுக்கு அடியில இருக்கிற பழைய நம்பர கண்டுபிடிக்கிற ஆளு இல்லையா… டீசல்ல துணிய நனைச்சி தொடச்சான். தலைய சாய்ச்சி, வெயில் படற பக்கமா பாத்தான்.

வந்துச்சி.

கருநீலத்துல வட்டம். உள்ள வெளிர் நீலம். அதுக்கும் அடியில, ரத்தம் கட்டின மாதிரி, மறைச்ச சிவப்பு. பக்கத்துல வெள்ளையா ஒரு எழுத்து. இங்கிலீஷ் ஜே.

பிரஷ் இழுத்த தடம் கூட தெரிஞ்சுதாம். எழுதுறவனுக்கு இன்னொருத்தன் கை தெரியாதா? இடது கைக்காரன். வால் சுழியிற இடத்துல ஒரு நெளிவு விட்டிருக்கான்… அவ்ளோ அழகு. சவரிநாதனுக்கு வயிறு எரிஞ்சுது. எப்பவோ செத்தவன் மேல பொறாம.

போட்டோ எடுத்தான். எடுத்தவன் கிளம்ப வேண்டியது தானே?

கிளம்பல. ஞாயித்துக்கிழம ஞானதுரை வந்து இதே இடத்துல நின்னு, இதே எழுத்த பாப்பான்னு நெனச்சான். பையில பெயின்ட் சுரண்டுற பட்டை இருந்துச்சி. எடுத்தான்.

சர்ர்… சர்ர்… சர்ர்…

எழுத்து போச்சு. வட்டம் போச்சு. வெறும் வெள்ளத் தகரம்.

அப்போ ஒரு நாத்தம் வந்துச்சாம். பெட்ரோல் எரிஞ்ச நாத்தம்… அதோட ஈரக் கம்பளி நாத்தம். முதுகுக்குப் பின்னால, ரொம்பக் கிட்ட, யாரோ மூச்ச உள்ள இழுத்தாங்க. இழுத்தது கேட்டுச்சி. விட்டது கேக்கல.

திரும்பிப் பாக்காம வந்துட்டான்.

ஞாயித்துக்கிழம ஞானதுரை கூப்ட்டப்போ, ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கினான். ஞானதுரை தனியா போய்ட்டு வந்து, "தேஞ்சி போச்சு மச்சி, ஒண்ணுமே இல்ல. நமக்குக் குடுத்து வெக்கல"ன்னான். "அடப் பாவமே"ன்னான் இவன்.

அன்னிக்கு ராத்திரியே சவரிநாதன் தன் விமானத்துல ஜே எழுதினான். அதே நெளிவோட. காலையில பாத்தா எழுத்து இல்ல. வட்டமும் இல்ல. பொண்டாட்டிய கேட்டான். "நான் இன்னாத்துக்குத் தொடைக்கப் போறேன்?"ன்னு அது கத்துச்சி. காஞ்ச பெயின்டு எங்க போவும்? திருப்பி எழுதலாம்னு போன்ல அந்த போட்டோவ தொறந்து பாத்தான்.

தகரம் கீது. கோழி கீது. எழுத்து இல்ல.

அந்த வாரம் ஞானதுரைக்கு ராத்திரி ஷிப்டு. ரெண்டு நாள் கழிச்சி, ஷிப்டு மாறும்போது கேட்டுல ஓடி வந்து இவன கட்டிப் புடிச்சிக்கினான்.

"மச்சி! நேத்து மத்தியானம் என் விமானத்துல எழுதிக் குடுத்தியே அந்த ஜே… பாய் கண்ணுல தண்ணி வந்துடுச்சிடா. நீலத்துக்கு அடியில சிவப்பு தெரியுது பாரு, மெரண்டுட்டாரு. உன் கைக்கு முன்னாடி நான்லாம் ஒண்ணுமே இல்லடா. ஆமா, இடது கையில எழுதுவியா நீ? சொல்லவே இல்ல?"

நேத்து மத்தியானம் சவரிநாதன் யார்டுல கன்டெய்னர் மேல நின்னு எழுதிக்கினு இருந்தான்.

"நான் எப்ப உன் வூட்டுக்கு வந்தேன்?"

"வெளயாடாத. வந்த. ஒரு வார்த்த பேசல. நீ எழுந்து போன நாற்காலி பூரா ஈரம். எந்த மழையில நனைஞ்ச?"

மழ எங்க பெஞ்சுது? வெயில் கொளுத்துது.

வேற யாரா இருந்தாலும் பயந்திருப்பான். கோயில், தர்கா, மாதா சிலைன்னு ஓடியிருப்பான். சவரிநாதனுக்குப் பயம் வரல. 'உன் கைக்கு முன்னாடி நான் ஒண்ணுமே இல்ல'… இத்தன வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குத் தான் ஏங்கினான். அது வந்துச்சி. வந்தப்போ வேற எவனோ அத வாங்கிட்டான். நேத்து வரைக்கும் ஞானதுரை மேல இருந்த பொறாம, இப்போ தன் மூஞ்சிய போட்டுக்கினு வந்தவன் மேல திரும்பிச்சி.

மறுநாள் மதியம் வேலைய போட்டுட்டு கொருக்குப்பேட்டைக்கு ஓடினான். ஞானதுரை வூட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தான்.

ஞானதுரை உக்காந்திருக்கான். எதிர்ல சவரிநாதன். அதே சட்ட. அதே வழுக்க. இடது கையில பிரஷ்ஷு. ஞானதுரை தொடைய தட்டிச் சிரிக்கிறான். "உன்ன மாதிரி ஒருத்தன் இந்த ஜில்லாவுலயே இல்லடா"ன்றான்.

கதவ ஒதச்சிக்கினு உள்ள போனான்.

"டேய்! அவன் நான் இல்லடா! நான் தான்டா சவரி!"

ஞானதுரை நிமிந்து பாத்தான். கோவம் கூட இல்ல. முன்ன பின்ன தெரியாதவன பாக்கற பார்வ.

"யாருப்பா நீ? இன்னா வேணும்?"

எதிர்ல இருந்தவன் திரும்பவே இல்ல. எழுதிக்கினே இருந்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? கேக்க வேண்டியது தான்.

தண்டையார்பேட்டையில ஒரு டீக்கடை. ஒரு ஆளு வந்து தவசிமுத்து கைய புடிச்சிக்கினு முழுசா சொல்லிட்டு அழுதிருக்கான். "மச்சான், நான் உன் மாமன்டா. யார்டுல விடல, வூட்டுல விடல. நீயாவது சொல்லு"ன்னானாம். தவசிமுத்து அந்த மூஞ்சிய ஜென்மத்துல பாத்ததில்ல. ஆனா அக்கா கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளையும் இவனும் மட்டும் பேசினத, அந்த ஆளு வார்த்த மாறாம சொன்னான். தவசிமுத்து கைய உதறிக்கினு அக்கா வூட்டுக்கு ஓடினான்.

மாமன் வூட்டுல தான் இருந்தாரு. சாப்ட்டுக்கினு இருந்தாரு. "வா மச்சான், உக்காரு"ன்னாரு. அக்கா மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம்.

"உங்க மாமன் விமானத்த பாய் நடுத்தட்டுல வெச்சிட்டாருடா. பேரு போட்டு! ஞானதுரைய கூட இப்ப திட்டறது இல்ல. இப்ப தான் மனுசனா கீறாரு."

தவசிமுத்துக்கு மூச்சு வந்துச்சி. எவனோ குடிகாரன் உளறியிருக்கான்னு நெனச்சி, தட்டு வாங்கி உக்காந்தான்.

அப்போ கதவு தட்டுற சத்தம். மெதுவா.

"வியாகுலம்… நான்டி… தொறடி…"

அக்கா எழுந்திரிச்சிச்சி. மாமன் தட்டுல இருந்து தலைய நிமித்தல. சோத்த பெசஞ்சிக்கினே சொன்னாராம்.

"தொறக்காத. கொஞ்ச நாளு அப்படித்தான் கத்துவாரு. அப்புறம் பழகிடும். தண்ணிக்குள்ள எங்க எல்லாருக்கும் அப்படித்தான் பழகிச்சி."