சின்னவளுக்கு வந்த மெஷின்

தரேன் தரேன், பெட்டி எங்கயும் ஓடிப் போயிடாது. இதோ என் மடியிலதான இருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கீங்க, செத்த நேரம் ஃபேன் காத்து வாங்குங்க. என் ஓரகத்தி வேலைக்குப் போயிட்டா. கொழுந்தனும் போயாச்சு. மாமியார் உள்ள படுத்திருக்காங்க, அதான் மெதுவா பேசறேன்.

மெஷின்ல என்ன கோளாறுன்னு உங்க டாக்டர் சொன்னாரு? இனிமேதான் பாக்கணுமா? பாருங்க பாருங்க.

இது வீட்டுக்கு வந்த அன்னிக்கே எனக்குப் புடிக்கல. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அண்ணன் தம்பி குடும்பம் ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கோம். நான் பெரியவ, அவ சின்னவ, இங்க எங்க பேரே அதுதான். அவளோட அம்மாவும் சித்தியும் மார்புல கேன்சர் வந்து போயிட்டாங்க. அவளுக்கும் வரலாம், வருஷா வருஷம் எடுக்கற படம் பத்தாது, நடுவுல வீட்டுலயே பாத்துக்கோன்னு நீங்க இதக் கொடுத்தீங்க. ஆமா, உங்க ஆராய்ச்சிக்கும் ஆச்சு. எல்லாம் தெரியும். கொழுந்தன் சாப்பிடற எடத்துல வச்சு எங்களுக்குப் பாடமே நடத்தினான். இந்த உள்பாடியில தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு, இந்த வில்லைய ஒவ்வொரு ஓட்டையிலயும் மாத்தி மாத்தி வச்சா காந்தம் புடிச்சுக்கும், வயித்துல இருக்கற புள்ளையப் பாக்கற ஸ்கேன் மாதிரிதான், உள்ள இருக்கறதெல்லாம் இந்தத் திரையில தெரியும். கண்டுபுடிச்சவங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்னான். போடேன். நான் வேணாம்னா சொன்னேன்?

அன்னியிலேர்ந்து அவ மகாராணி. தண்ணி வாளி தூக்கக் கூடாது. அடுப்புகிட்ட ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. அவ மனசு நோகற மாதிரி யாரும் பேசக் கூடாது. யாரு சொன்னதா? மாமியார்தான். எந்த டாக்டர் இப்படிச் சொன்னாருன்னு கேட்டேன். உனக்கு ஈரமே இல்லடின்னுட்டாங்க. அவளுக்கு ஒரு நோயும் இல்லைங்க! வரலாம், அவ்வளவுதான். எனக்கு முதுகுவலி வந்தே இருக்கு, ஏன்னு கேக்க நாதியில்ல.

சிரிக்காதீங்க.

ஞாயித்துக்கிழமை காலையில அவங்க ரூம்ல இதப் போட்டுப் பாப்பாங்க. அந்தக் கதவு முழுசா சாத்தாது, கீழ உரசும். நான் மடிச்ச துணிய வைக்கப் போனப்ப... எட்டிப் பாக்கலைங்க, கண்ணுல பட்டுச்சு. மேல தடவற ஜெல்லு ஜில்லுன்னு இருந்தா அவளுக்குக் கூசுமாம். கொழுந்தன் அத உள்ளங்கையில ஊத்தி, ரெண்டு கையையும் சேத்து மூடிக்கிட்டு, ஊதி ஊதி சூடு பண்றான். அவ ஏதோ சொல்றா, ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. நான் துணியோட அங்கயே நின்னுட்டேன். உள்ள போகவும் தோணல, திரும்பிப் போகவும் தோணல.

எங்க வீட்டுக்காரரு மோசமில்ல. சம்பாதிக்கறாரு, கைநீட்ட மாட்டாரு, கத்த மாட்டாரு. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. கட்டில்கிட்ட நின்னாரு. நின்னுட்டு, டிவி ரிமோட்ட எங்க வச்சேன்னு கேட்டாரு.

நீங்களே சொல்லுங்க, வயித்தெரிச்சல் வருமா வராதா?

அப்புறம் உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து அந்த போன் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை மெஷின்லேர்ந்து வந்த படத்துல இடது பக்கம் கட்டி மாதிரி ஒண்ணு தெரியுது, உடனே வாங்கன்னு. அவ போனைப் புடிச்ச கையோட தரையில உக்காந்துட்டா. மாமியார் அவ தலைய இழுத்து மடியில போட்டுக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு, ரிமோட் கேட்ட அதே மனுஷன், தம்பி தோளப் புடிச்சுக்கிட்டு அழறாரு. கல்யாணமான இத்தன வருஷத்துல அவரு கண்ணுல தண்ணிய நான் பாத்ததே இல்ல. ஐயோ பாவம்னுதான எனக்குத் தோணியிருக்கணும்? தோணலைங்க. எனக்குன்னா இப்படி அழுவாராங்கற நெனப்புதான் வந்துச்சு. சுவத்தப் புடிச்சுக்கிட்டு அவரையே பாத்துட்டு நின்னேன்.

அவளக் கூட்டிட்டுப் போயி பெரிய மெஷின்ல பாத்தாங்க. இடது வலது ரெண்டையும் பாத்தாங்க. ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்குள்ள நுழையும்போதே ஓடி வந்து என்னைத்தான் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அக்கா, எனக்கு ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கான்னு என் கழுத்தெல்லாம் ஈரம். நல்ல பொண்ணுங்க அவ. அதுதான் எனக்கு ஆத்திரமே. கெட்டவளா இருந்திருந்தா நிம்மதியா பொறாமைப்பட்டிருப்பேன். ஏன்க்கா உங்களுக்கு இப்படி நடுங்குதுன்னு கேட்டா. சந்தோஷத்துலடின்னேன்.

வேற யாருமே அத கவனிக்கல.

இப்ப நீங்க இத எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க? தப்பாக் காட்டுதுன்னு எழுதிடுவீங்களா? வேற பொம்பளைங்களுக்கும் கொடுக்கறத நிறுத்திடுவீங்களா?

அப்படி எழுதாதீங்கம்மா. மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல.

அந்த ஞாயித்துக்கிழமை அவங்க காலையில பாத்துட்டு, எல்லாருமா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாங்க. நான் தலவலின்னு சொல்லி வீட்டுலயே இருந்துட்டேன். உங்ககிட்ட நேரம் பதிஞ்சிருக்கும்ல? அந்தப் படம் மத்தியானம் வந்ததுதான். எனக்கு இது டைட்டு, மூச்சைப் புடிச்சுக்கிட்டு கடைசிக் கொக்கியில மாட்டினேன். அவன் பாடம் நடத்தினதுல எதுவும் மறக்கல. முடிஞ்சதும் திரையில எழுத்து வந்துச்சு, ரொம்ப நல்லா செஞ்சீங்கன்னு. அத ரெண்டு தடவ படிச்சேன். அப்புறம் அழிச்சுட்டேன்னுதான் நெனச்சேன். அது பாட்டுக்கு உங்களுக்கு வந்து சேரும்னு நான் என்னத்தக் கண்டேன்.

தொட்டுப் பாத்தாச்சுங்க, குளிக்கும்போதெல்லாம் அதே வேலைதான். கைக்கு எதுவும் தட்டுப்படல. வலியும் இல்ல. சின்னதா இருந்தா கைக்குத் தெரியாதா? அப்ப, இப்பவே தெரிஞ்சது நல்லதுன்னு சொல்றீங்க. ம்.

இந்தாங்க, பெட்டியப் புடிங்க. வரேன், நாளைக்கே வரேன், தனியாவே வந்துடுவேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்கம்மா. அந்தப் படத்துல அவ பேரு இருக்கும்ல, அத எடுத்துட்டு என் பேரப் போட்டுடுங்க.