ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி

கைய இழுக்காத தம்பி. எரியும்தான். களிம்பு பூசினாக் குளிரும், பொறு. வாவிக்கு அங்கால ஆசுபத்திரிக்குப் போகாம அக்காட்ட வந்தாயே, நல்லதாப் போச்சு. அங்க போனா எப்படி வெந்ததெண்டு கேப்பாங்க. அந்த வார்ட்டில வேலை செய்யிற எனக்குத் தெரியாதா. நான் கேக்கல்ல.

ஓம், ஓம், வைக்கல் எரிக்கப் போன நீ. சொன்னாய்தானே.

மெதுவாக் கத, நிலோஜன் உள்ளுக்குக் கிடக்கான். புகை குடிச்ச நெஞ்சு, விடிய விடிய இருமிப்போட்டு இப்பதான் என்ட பிள்ள கண்ணயந்தான். முந்தாநாள் எங்கட ஜெபக் கொட்டில் எரிஞ்சது உனக்குத் தெரியுந்தானே. நீ பாக்க வரல்ல. ஊரே வந்திச்சு, வாளியோட இல்ல, வேடிக்கை பாக்க. பக்கத்து வீட்டுக் கண்ணகை மட்டும் ஒரு குடம் தண்ணி கொண்டு வந்தாள். அவளையும் புருசன் புடிச்சு இழுத்துக்கொண்டு போயிட்டான்.

இல்ல தம்பி, என்ட மனே, நான் ஒருத்தரையும் ஏசல்ல. வேதத்துக்குப் போன நாள்ல இருந்து எனக்கு இது பழகிட்டுது. பொதுக் கிணத்தில அள்ள வேணாமெண்டாங்க. செத்த வீட்டுக்கும் சொல்லுறல்ல. நான் மாவுக்கும் அரிசிக்கும் மாறினவளாம். நீயும் அதைச் சொன்னாய், கோயில் வாசல்ல நிண்டு, பத்துப் பேருக்கு முன்னால. உன்ட அத்தான் ஆசுபத்திரியில கிடக்கக்குள்ள இந்த ஊரில ஒரு சனம் எட்டிப் பாத்துதா? பக்கத்துக் கட்டில்காரன்ட சபைச் சனம்தான் கஞ்சி கொண்டு வந்தாங்க. அவர் கண்ண மூடும் மட்டும் கையப் புடிச்சு ஜெபிச்சாங்க. அதுக்குப் பிறகு நான் எங்க போறது?

உன்ட கோவமும் எனக்கு விளங்கும். நீ அம்மன் கோயில் வண்ணக்கர், கோயில் நிர்வாகம் முழுக்க உன்ட கையில. நம்மட குடி தாய் வழிக் குடி. உனக்குப் பிறகு அந்தப் பொறுப்பு உன்ட பிள்ளைக்கில்ல, அக்காட மகனுக்குத்தான். அவன் பைபிளத் தூக்கிக்கொண்டு திரிஞ்சா, சடங்கு நேரம் நீ ஊர்ச் சனத்துக்கு எந்த முகத்தைக் காட்டுற. கொட்டில் இல்லாமப் போனா மருமகன் கோயில் பக்கம் கிறுகி வருவானெண்டு ஒருத்தன் நினைச்சிருந்தா, அதுகும் எனக்கு விளங்கும்.

எங்க எழும்புற? இரு. இன்னும் கட்டல்ல.

பின்னேரம் பொலிஸ் வருது. யாரில சந்தேகமெண்டு கேப்பாங்க. சொன்னா உன்னக் கொண்டு போவாங்க. மறைச்சா நான் பொய்க்காரி. எனக்குப் பொய் சொல்ல ஏலாது தம்பி, உனக்காகவும் ஏலாது. நேத்து முழுக்க முழங்காலில நிண்டு பாத்தன். ஜெபத்தில மன்னிக்கிறம் எண்ட இடம் வரக்குள்ள வாய் பூட்டிப் போகுது. ஆத்திரம் இருக்கு எனக்கு. இந்தக் களிம்பு பூசக்குள்ளயும் இருக்கு.

வைக்கல் எரிக்கப் போனவராம். வைகாசியில எந்த வட்டையில வைக்கல் கிடக்கு? வயலெல்லாம் இப்ப பச்சப் பயிர் நிக்கிது. ஊரக் கட்டி ஆளுற வண்ணக்கருக்கு ஒரு பொய் ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல.

அழாத. கேளு. கல்லெறி கூடினதால நிலோஜன் கொட்டிலுக்குள்ள காவலுக்குப் படுத்தவன். அது உனக்குத் தெரியா. தெரிஞ்சா நீ செய்ய மாட்டாய், அது எனக்குத் தெரியும். பத்தவைச்சுப்போட்டு ஓடினவனுக்கு முழங்கை வரைக்கும் வேகாது. எரியிற ஓலைக் கிடுகைப் பிய்ச்சுக்கொண்டு உள்ளுக்குப் போன கைதான் இப்படி வேகும்.

நிலோஜன் முகம் காணல்ல. புகைக்குள்ள ஒரு கை வந்திச்சாம், தோளில புடிச்சு இழுத்து வெளியில போட்டிச்சாம், திரும்பிப் பாத்தா ஒருத்தருமில்லையாம். ஆண்டவர்ட கை அம்மா எண்டான். ஞாயிற்றுக்கிழமை எரிஞ்ச இடத்தில நிண்டு, ஆண்டவர் காப்பாத்தினாரெண்டு சபைக்குச் சாட்சி சொல்லப் போறானாம். எல்லாரும் ஆமென் சொல்லுவாங்க. நானும் சொல்லணும்.

அந்தக் கையத்தான் இப்ப கட்டிக்கொண்டிருக்கன். விரல விரி, மனே.