வியாழக்கிழமை சீட்

கமலினி அக்கா வைக்கிற சொதியில் உப்புக் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. என் பிள்ளைப்பேற்றுக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து, வெளிநாட்டில் நான் இருக்கும் ட்ருகனினாவுக்கு அவர் வந்த நாள்தொட்டு, நான் குசினியில் எதையும் ருசி பார்த்ததில்லை. அக்காமீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அது முதலில் உங்களுக்குத் தெரியவேண்டும்.

நாற்பது வயதில் அவருக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை வாசுதேவன், வாத்தியார், நல்ல மனுசன். என்னைப் படிப்பித்து அனுப்பியதில்தான் அக்காவின் வயது போனது, அதையும் நான் மறைக்கவில்லை. மாப்பிள்ளையோடு கதைக்க அவருக்கு வெட்கம். சம்பந்தக் கதையெல்லாம் என் போனில்தான் நடந்தது.

ஆனால் ஊரில் கலியாணம் வைத்த மாதம்தான் ஆஸ்பத்திரி வேலைக்கு நான் திரும்பவேண்டிய மாதமும். சைல்ட்கேரில் இடமில்லை. வீட்டுக் கடன் கழுத்தை நெரித்தது. "அது உம்மட அலுவல்" என்று கணவர் பிரஷாந்தன் சொல்லிவிட்டார். மகளோ அக்காவின் தோளில் மட்டும்தான் நித்திரை கொள்வாள். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வளைகுடாவில் வான்வழியை மூடினார்கள். கலியாணத்துக்கு அக்கா ஊருக்குப் போக இருந்த பிளேன் ரத்து. டிக்கெட் எடுத்தது நான் என்பதால் விமானக் கம்பனிக்கு நானே போன் எடுத்தேன். மகளைத் தோளில் போட்டபடி அக்கா குசினி வாசலில் நின்றார். கம்பனிப் பெண் மிகவும் தன்மையாகப் பேசினாள். மாற்றுவதற்குக் கட்டணம் இல்லை, விலை வித்தியாசமும் இல்லை, வியாழக்கிழமை சிங்கப்பூர் வழியாக ஒரு சீட் இருக்கிறது, போட்டுவிடவா என்று கேட்டாள். கலியாணம் ஞாயிற்றுக்கிழமை.

வேண்டாம் என்று இங்கிலிஷில் சொல்லி, நன்றியும் சொல்லி வைத்தேன்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"மாத்துறதுக்கு ஒரு காசு, இண்டைய விலையின்ர வித்தியாசம் வேற. மூவாயிரம் டொலருக்கு மேல வருமாம். பரவாயில்லை அக்கா, நான் கட்டுறன்."

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அக்கா கொடுத்துப் பழகியவர், வாங்கிப் பழகாதவர்.

"உனக்கென்ன விசரே? பிள்ளைக்குப் பால்மா வாங்கிற காசில நான் கழுத்தை நீட்டுறதோ? மாமியிட்டச் சொல்லு, கலியாணத்தைத் தள்ளி வைக்கட்டும்."

வெளியே போய் நின்று வாசுதேவனின் தாய் இராஜேஸ்வரி மாமிக்கு எடுத்தேன். "பிள்ளை, நாளைக்குப் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னை உருக்கிப்போட்டு நிப்பாட்டேலாது. அவ வாறாதானே?" என்று கேட்டார்.

பொன் உருக்கியபின் கலியாணம் குழம்புவதை எங்கள் ஆட்கள் பெரிய அபசகுனமாக எடுப்பார்கள். அந்தப் பெண்ணை மறுபடி கேட்டு வரமாட்டார்கள். தள்ளி வைத்தால் அக்கா அடுத்த மாதம் போய்விடுவார். நான் அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் யோசித்தேன்.

"ஓம் மாமி, வியாழக்கிழமை வெளிக்கிடுறா" என்றேன். அக்காவிடம், தள்ளி வைக்கினமாம் என்று சொன்னேன்.

அங்கே பொன்னை உருக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமி போனில் கத்தியதை நான் வெளியே காருக்குள் இருந்து கேட்டேன். உள்ளே வந்து, "அவைக்கு மனம் மாறிட்டுதாம் அக்கா" என்றேன்.  அக்கா சோற்றை வடித்துவிட்டு மகளைக் குளிக்க வார்த்தார். அதைப் பார்க்க எனக்கு மனம் நொந்தது, பொய் சொல்லவில்லை.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். அக்காவின் பாஸ்போர்ட் என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. ரத்தான டிக்கெட்டின் காசைக் கம்பனி முழுதாகத் திருப்பித் தந்தது. அந்தக் காசில்தான் அக்காவின் விசாவை நீட்டினேன்.

"எனக்காக எவ்வளவு செலவழிக்கிறாய்" என்று அக்கா என் தலையைத் தடவினார்.

எனக்கென்று அதில் ஒரு சதமும் நான் எடுக்கவில்லை.