கராச்சர்மா பஸ்ஸில் ஒரு டிஸ்க்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் எங்கள் தீவு நகரத்து டெலானிபூரில் பாதிக் கட்டடம் மேஸ்திரியான என் கையால் எழும்பியது. அதனால் கராச்சர்மா போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பேச்சு எனக்கு நன்றாகவே விளங்கியது. சுனாமிக்குப் பிறகு சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு பெண்ணின் மடியில் துணி சுற்றிய ஹார்ட் டிஸ்க். பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்.

"புதுக் கம்ப்யூட்டருக்கு என் வீட்டுக்காரர் எழுதினது விளங்காதுன்னா என்ன தம்பி அர்த்தம்?"

"அக்கா, அண்ணன் உங்க பொண்ணுக்காக எழுதின கம்ப்யூட்டர் விளையாட்டு பழைய மிஷினுக்கானது. அதோட சிப்பு ரிஸ்க் ஜாதி. அரிசி எடு, கழுவு, உலை வைன்னு ஒவ்வொண்ணா சொல்லணும். இப்ப கடையில இருக்கிறது சிஸ்க். சோறாக்குன்னு ஒரே சொல்லு போதும்."

"அப்ப இதுதானே கெட்டிக்காரி?"

"அதுக்குச் சொன்னது இதுக்கு ஏறாதுக்கா."

என் சித்தாளும் கொத்தனாரும் அப்படித்தான். நாற்பது வருஷம் இரு தரப்பையும் மேய்த்தவன் நான்.

"உன் கடையில ரிப்பேருக்கு விட்டதால அந்த மிஷினாவது அலைக்குத் தப்பிச்சுது. அதையே சரி பண்ணேன்."

"போர்டு உப்புக் காத்துல போச்சு. மெயின்லேண்டுலயும் கேட்டாச்சு, நஹீ மிலா, கிடைக்கலைன்னுட்டாங்க."

"இதுக்கு மாத்தி எழுதேன்."

"டிஸ்க்குல இருக்கிறது மிஷின் பாஷைக்கு மாத்தினது மட்டும்தான்; அண்ணன் முதல்ல எழுதி வச்ச சோர்ஸ் கோடு வேணும். அது எங்க?"

"கேம்பல் பே வீட்டுல. வீடும் அவரும் ஒண்ணாப் போனாங்க."

பஸ் ஒரு ஸ்டாப் தாண்டியது.

"ஜெயிச்சா 'சபாஷ்டி குட்டி'ன்னு அவர் குரல் வரும். அது இதுக்குள்ள இருக்குல்ல?"

"இருக்குக்கா. பேச வைக்கத்தான் எனக்கு வழி தெரியல."

"அலை வந்த மறுநாள் நிவாரண கேம்ப்லயும் இப்படித்தான் சொன்னாங்க தம்பி. இருப்பாரு, தேடிக்கிட்டிருக்கோம்னு."